தோள்பட்டையில் இறங்கிவிட்ட அறை

சந்தைக்கு மாடு வராத நாள் உண்டு, வந்த மாட்டுக்கு ஆள் வராத நாளும் உண்டு, ஆனால் பொங்கியண்ணனுக்குக் கோபம் வராத நாள் என்று ஒன்று காரைக்காட்டில் விடிந்ததே இல்லை என்பார்கள்; சொல்கிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், மீதிப் பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்கள், ஆகவே அவர்கள் பேச்சை நீங்கள் தாராளமாக நம்பலாம். பாட்டன் பேரைத்தான் எனக்கு வைத்தார்கள். நான் அதில் பொங்குவதை மட்டும் எடுத்துக்கொண்டு அண்ணனை விட்டுவிட்டேன்.

மாட்டுத் தரகு என் தொழில். படிப்பு கிடையாது, உதை வாங்கி வாங்கிக் கற்றதுதான் எல்லாம். மாட்டிடமும் வாங்கியிருக்கிறேன், மனிதரிடமும் வாங்கியிருக்கிறேன், இரண்டில் மாடு பரவாயில்லை, எதற்கு உதைத்தது என்று உட்கார்ந்து யோசித்தால் தெரிந்துவிடும். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. விற்கிறவர் கையைப் பிடித்து அதன் மேல் என் துண்டைப் போட்டுவிடுவேன். வாய் மழையைப் பற்றியும் கடலைக்காட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, துண்டுக்கு அடியில் விரல் விரலை அமுக்கும், பிடிக்காவிட்டால் எதிர்விரல் சுருங்கும், பிடித்தால் கவ்விக்கொள்ளும், அப்புறம் அதே சேதியை வாங்குகிறவர் கையில் கொண்டுபோய் அமுக்குவேன், சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். அந்த வலது கை ஒன்றுதான் நான் சம்பாதித்த சொத்து. கெட்டநேரம், ஓங்குகிற கையும் அதுவேதான்.

என் பெண்டாட்டி தெய்வாத்தாள் சந்தை வாசலில் கயிற்றுக்கடை வைத்திருக்கிறாள். மூக்கணாங்கயிறு, தும்பு, கழுத்துமணி எல்லாம் கிடைக்கும். அவள் மேல் என் கை ஒருநாளும் பட்டதில்லை, பட்டிருந்தால் அந்தக் கை இன்றைக்குத் தோளோடு இருந்திருக்காது. ஆனால் ஊரார் மேல் ஓங்கி ஓங்கி, அவள் நாலு பேர் நடுவில் நிமிர்ந்து உட்கார முடியாதபடி செய்திருந்தேன். கடைசியாக அவள் அண்ணன் வீட்டு விருந்தில், பாயசம் ஆறிப்போயிருந்ததற்காகப் பந்தியிலேயே எழுந்து நின்று பரிமாறுகிறவன் மேல் கையோங்கினேன். அன்றைக்கு வீடு திரும்பியதும் அவள் சத்தமே போடாமல் சொன்னாள்.

"ஏனுங்க, நல்லாக் கேட்டுக்கோங்க. இனியொருக்கா சபையில உங்க கை ஓங்குச்சுன்னா நான் வெள்ளகோயில் பஸ்ஸேறிருவன். அண்ணன் ஊட்ல எனக்கொரு ரூம்பு இருக்குது."

"போனா வருவீல்ல?" என்றேன். பேரம் பேசிப் பழகிய வாய்.

"வர்றதப் பத்தி நான் பேச்சே எடுக்கலீங்களே," என்றாள்.

அதற்கு அடுத்த சந்தையில்தான் அது நடந்தது. செம்மலை என்று எனக்கு ஓர் எதிர்த்தரகன். நான் முக்கால்வாசி முடித்து வைத்திருந்த மயிலைக் காளையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "பல்லு தேஞ்சு போச்சே, தரகனாட்டமே," என்றான். என் தலையில் ஓர் அறை கிளம்பியது. கிளம்பியது எனக்குத் திட்டமாகத் தெரியும், எத்தனையோ அறையை அனுப்பி வைத்த தலை இது. கழுத்து வழியாக வந்தது, தோள்பட்டை வரைக்கும் வந்தது, அங்கே, நிறுத்தம் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போகிற ஆள் மாதிரி, இறங்கிவிட்டது. கை புடலங்காயாகத் தொங்கியது. பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த ரகமத் பாய்க்குத் தோளில் சுருக்கென்றது, அந்தச் சுருக்கு அவர் கை வழியே ஓடி விரல்நுனியில் ஒரு வேர்வைத் துளியாகப் பூத்தது, துளி நாரத்தங்காய் வாசம் அடித்தது, டீக்குக் கை நீட்டியவர் மேல் அந்தத் துளி தெறித்ததும் அவருக்குச் சுருக்கென்றது, அவர் விரலிலும் துளி பூத்தது, இப்படி ஆள்மாறி ஆள்மாறி, கன்றுக்காரர்களைத் தாண்டி, ஆட்டுப்பட்டியைச் சுற்றி, கடைசியில் வைக்கோல் விற்கிற அப்பாவுவிடம் போய்ச் சேர்ந்தது. அப்பாவு எறும்பு போகிற பாதையில் வைக்கோல் கட்டை இறக்கமாட்டார். அவர் எதிரில் சந்தைச் சுங்கம் வசூலிக்கிற குத்தகைக்காரர் நின்றிருந்தார். அப்பாவு அவரை அறைந்தார். அறைந்துவிட்டு, "ஐயோ சாமி, நானில்லீங்க!" என்று கும்பிட்டார், கும்பிட்ட கையைப் பிரித்து மறுபடி அறைந்தார், அழுதுகொண்டே இன்னொன்றும் கொடுத்தார்.

யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. இரண்டு தலைக் கன்றையும் பால் கறக்கிற காளையையும் பார்த்த சந்தை அது. குத்தகைக்காரர் கன்னத்தைத் தடவி யோசித்துவிட்டு, "இது அப்பாவு அறையில்ல. இது பொங்கியண்ணன் அறை. போன வருசம் வாங்கியிருக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்றார். நாரத்தங்காய் வாசத்தை மோந்துகொண்டே பின்னோக்கி வந்தார்கள், மாடு தொலைத்தவர்கள் குளம்புத் தடத்தைப் பார்த்து வருவது போல வந்தார்கள், என் தோளில் வந்து நின்றார்கள்.

தெய்வாத்தாள் கயிற்றுக்கடையிலிருந்து எழுந்து வந்தாள். "கை அப்பாவண்ணனுது, கோவம் உங்களுது," என்றாள். "ஆனா உங்களுக்கே தெரியாம நடந்திருக்குது. இத விட்டர்றேன். அடுத்ததுக்கு பஸ்ஸுதான்."

டவுனில் நரம்பு டாக்டர் அம்மா ஒருவரிடம் போனேன். அவர் சின்னச் சுத்தியலால் என் முழங்கையில் தட்டினார். என் கை அசையவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸின் கை துள்ளித் தட்டு கீழே விழுந்தது. டாக்டர் குனிந்து தட்டை எடுத்து வைத்துவிட்டு, "சர்க்கரை இருக்குதுங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"கோவம் மட்டுந்தானுங்க இருக்குது."

"பயப்படாதீங்கய்யா, உடம்புக்குள்ள எல்லாருக்கும் இப்படித்தான் நடக்குது. ஒரு நரம்பு செல்லுக்குள்ள சேதி கரண்ட் மாதிரி ஓடும். முனைக்கு வந்தா, அதுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவுல கண்ணுக்கே தெரியாத ஒரு இடைவெளி. பெரும்பாலும் கரண்ட் அதைத் தாண்டாது. முனையில இருக்கற சின்னச் சின்னப் பைங்க திறந்து ஒரு ரசாயனத்தக் கொட்டும். அது அந்தக் கரைக்குப் போய், பூட்டுல சாவி மாதிரி உக்காரும். உக்காந்தா அந்தப் பக்கம் புதுசா கரண்ட் கிளம்பும்."

"நடுவுல தரகன் இருக்கறான்னு சொல்லுங்க."

"அப்படியே வெச்சுக்கங்க. ஆனா எல்லாத் தரகனும் ஒரே மாதிரி இல்ல. சில ரசாயனம் 'போ'ன்னு சொல்லும், சிலது 'நில்லு'ன்னு சொல்லும். ரெண்டையும் சேர்த்துப் பாத்து, 'போ' ஒரு அளவத் தாண்டினாத்தான் அடுத்த செல் சேதிய அனுப்பும்."

"அளவுக்குக் கொஞ்சம் கம்மியா வந்தா, பாதியாச்சும் அனுப்பாதுங்களா? முன்னபின்ன பாத்துப் போட்டு..."

டாக்டர் அம்மா சிரித்தார். "நரம்புல பேரம் கிடையாதுங்க. முழுசாப் போகும், இல்லைன்னா போகவே போகாது. நீங்க எவ்வளவு ஆத்திரப்பட்டாலும் சேதி பெருசாகாது, அடிக்கடி கிளம்பும், அவ்வளவுதான். அடிக்கிற சேதியும் அணைக்கிற சேதியும் ஓடறப்ப ஒண்ணுதான். எங்க போய்ச் சேருதோ அதுதான் வித்தியாசம். சேர்ந்ததுக்கப்புறம் கொட்டின ரசாயனத்த உடனே திரும்ப அள்ளிக்கணும், இல்லைன்னா ஒரே சேதி திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருக்கும்."

அப்பாவு விரலில் பூத்த துளியைத் துடைக்காமலே மூன்று முறை அறைந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"எனக்கு மட்டும் என்னங்கம்மா ஆச்சு?"

"உங்க தோள்ல இருந்த ஒரு இடைவெளி உடம்புக்கு வெளியே போயிட்ட மாதிரி தெரியுது. பக்கத்துல எப்பவும் ஆள் இருக்கற மாதிரி பாத்துக்கங்க," என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்து சந்தையில் சொன்னேன். செம்மலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணா, வாழ்க்க பூரா ரெண்டு கைக்கு நடுவுல நின்னு தின்னீங்க. இப்ப உங்க தலைக்கும் உங்க கைக்கும் நடுவுலயே தரகன் வந்துட்டான் பாருங்க!" அவனை அறையத்தான் நினைத்தேன். ரகமத் பாய்க்குத் தோள் சுருக்கென்றது. பாய் கண்ணை மூடினார், அவர் விரலில் பூத்த துளி இந்த முறை ஏலக்காய் வாசம் அடித்தது, அந்த வாசம் பட்டவர்கள் எல்லாம் கொட்டாவி விட்டார்கள், என் அறை அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டது.

அப்படித்தான் சந்தை என் கையைக் குத்தகைக்கு எடுத்தது. கூட்டம் போட்டுப் பேசவில்லை. தண்ணீர் வந்தால் வாய்க்கால் ஒதுக்குவது போல அவரவர் இடத்தை ஒதுக்கிக்கொண்டார்கள். கடைசி ஆள் என் துண்டுக்குள் கையை விட்டு விரலை அமுக்கினால் என் கை வேலை செய்யும் என்று கண்டுபிடித்தார்கள், அமுக்கியதும் ஆளாளுக்கு விரலைத் துண்டில் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பாவு அடித்துச் சொன்னார், மாடு வாங்க வந்த வெளியூர்க்காரர்கள்கூட வரிசையில் நின்றுவிட்டுப் போனார்கள். எனக்கு முதுகு அரித்தால் பத்துப் பேருக்கு முன்பே தெரியும். மூக்கைத் தோண்ட நினைத்தால் கன்றுக்காரம்மா அங்கிருந்தே, "அதெல்லாம் அனுப்ப முடியாது, கையக் கழுவிட்டு அப்புறம் யோசிங்க," என்று சத்தம் போடுவாள். ஒரு மனுசனுக்குச் சொந்தமாக ஓர் அரிப்புகூட இல்லாமல் போனது.

ஆனால் ஒன்று. வியாபாரம் கெடவில்லை, கூடியது. நான் மனதில் நினைத்த விலை அத்தனை பேர் தோளில் ஏறி இறங்கி வருவதற்குள் ஒருவர் விற்கிறவர் முகத்தைப் பார்ப்பார், ஒருவர் வாங்குகிறவர் பிள்ளைகுட்டியை நினைப்பார், கடைசியில் துண்டுக்குள் என் விரல் அமுக்குவது நான் நினைத்ததாக இருக்காது, இரண்டு பக்கமும் தலையாட்டுகிற ஒரு விலையாக இருக்கும். "பொங்கியண்ணனவிட அவர் கை நல்ல கை," என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். ஓங்குகிற சேதி எது வந்தாலும் பாய் ஏலக்காய் வைத்து நிறுத்திவிடுவார். அத்தனை பேரும் தெய்வாத்தாளுக்காகத்தான் அதைச் செய்தார்கள். அவள் பஸ் ஏறிவிடக்கூடாது என்பதில் என்னைவிடச் சந்தைக்கு அக்கறை இருந்தது. அவள் மட்டும் வரிசையில் நிற்கவே இல்லை. "வெளிய நின்னு பாத்ததே எனக்கு வயிறு நெறஞ்சிருக்குது," என்பாள். அதனால் வீட்டில் என் கைக்கு வேலையில்லை. இடது கையால் அள்ளித் தின்றேன், அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஊரே தாங்கிப் பிடிக்கிறபோது ஒழுங்காக இருந்திருந்தால் நான் எதற்கு இந்தக் கதையைச் சொல்லப்போகிறேன்? செம்மலை மேல் பாக்கியிருந்த அறை எனக்குள் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தது. நான் அதைப் பேரம் பேசிக் கடத்தப் பார்த்தேன். ஒரு சந்தையன்று காலையில் நெற்றியில் விபூதி பூசி, முகத்தைக் கோயில் பூசாரி போல வைத்துக்கொண்டு பாயிடம் போனேன்.

"பாய், செம்மலைக்கு ஒரு கும்புடு போடணும். பழச மறந்தர்லாம்னு."

பாய் கண் கலங்கிவிட்டார். "அல்லா! இப்பத்தான் மனுசன் ஆனீங்க. அனுப்புங்க, அனுப்புங்க."

அனுப்பினேன். கையைத் தூக்குகிற சேதி. கும்பிடவும் முதலில் கையைத் தூக்கத்தானே வேண்டும்! பாய் நாரத்தங்காய் வாசத்தோடு அதைத் தாண்டவிட்டார், அப்பாவு சந்தோசத்தில் ஓடிவந்து கடத்தினார், கன்றுக்காரம்மா துண்டுக்குள் கையை விட்டு என் விரலை அமுக்கினாள், செம்மலை பதிலுக்குக் கும்பிட இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தான். கும்பிட்ட கையோடு வந்தவன் கன்னத்தில் என் அறை விழுந்தது. நான் வாழ்நாளில் கொடுத்ததிலேயே சுத்தமான அறை. சந்தையில் மாடுகள்கூட அசைபோடுவதை நிறுத்தின.

செம்மலை சேர்த்த கையைப் பிரிக்கவும் மறந்து நின்றான். அப்போது தெய்வாத்தாள் கயிற்றுக்கடைப் படுதாவை இறக்கிக் கட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவுவிடம், "கடச் சாவிய வெச்சுக்கோங்கண்ணா," என்று சொல்லிவிட்டு, மாடுகளுக்கு நடுவே புகுந்து, சந்தையின் அந்தக் கோடியில் புறப்பட உறுமிக்கொண்டிருந்த வெள்ளகோயில் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஓடியிருக்கலாம். நடுவில் சந்தை முழுக்க மாடு, வண்டி, ஆள். நான் நீந்திப் போய்ச் சேருவதற்குள் பஸ் வெள்ளகோயிலில் நிற்கும். கத்தியிருக்கலாம். அத்தனை வருசம் கத்திய தொண்டை, என் சத்தத்துக்கு அவள் திரும்பிப் பார்ப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். கையை உயர்த்தி பஸ்ஸை நிறுத்து என்று தலை சொன்னது. சேதி கிளம்பித் தோளில் இறங்கியது. பாய்க்குச் சுருக்கென்றது.

"மறுபடியுமா?" என்றார் பாய். "இதும் கும்புடா? போய்யா!" ஏலக்காய் வாசம் அடித்தது.

"பாய், இது அதில்ல பாய்! பஸ்ஸ நிறுத்தறதுக்கு!"

"அப்படித்தான் சொல்லுவீங்க."

அவர் மேல் தப்பில்லை. கை தூக்குகிற சேதிதான் அதுவும், துளியும் வித்தியாசமில்லை. சரக்கைக் காட்ட முடியாத வியாபாரம், சொன்ன சொல்லுக்கும் காலையிலேயே மதிப்புப் போய்விட்டது. பெரிதாக அனுப்பவும் வழியில்லை. மறுபடி அனுப்பினேன். மறுபடி. பஸ் ஹாரன் அடித்தது. மறுபடி, மறுபடி, மூச்சுவிடுகிற இடைவெளிகூட இல்லாமல் அனுப்பிக்கொண்டே இருந்தேன். பாயின் தோள் தையல் மிஷின் மாதிரி துடித்தது, ஏலக்காய் வாசம் மெல்ல மெல்ல மங்கியது, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "படைச்சவன் பாத்துக்கட்டும்," என்று விட்டுவிட்டார். துளிகள் கூட்டத்துக்குள் தெறித்து ஓடின. அப்பாவு சாமி பேரைச் சொல்லிக்கொண்டே கடத்தினார், கன்றுக்காரம்மா என்னைத் திட்டிக்கொண்டே கடத்தினாள், சேதி மாடுகளின் முதுகுக்கு மேலாக ஆள்மாறி ஆள்மாறிப் போய், சாலையோரம் தனியாக நின்ற கடைசி ஆளிடம் சேர்ந்தது. அங்கே நின்றது செம்மலை, தெய்வாத்தாள் கடையைக் கட்டும்போதே என் முகத்தில் விழிக்காமல் அங்கே போய்விட்டிருந்தான். கன்னம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

அவன் தோள் துள்ளியதைப் பார்த்தேன். அவன் கை பாதி எழும்பி நின்றது. சந்தையைத் தாண்டி அவன் குரல் வந்தது.

"அண்ணா! இது எந்தக் கை? அடிக்கிற கையா, கூப்புடற கையா?"

கூப்பிடுகிற கை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எத்தனையோ கிழட்டு மாட்டை இளங்காளை என்று சொல்லிய வாய் இது. அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை.

"தெரியலைடா செம்மலை!" என்றேன். "ரெண்டும் எனக்கு ஒரே எடத்துல இருந்துதான்டா கெளம்புது! நீயே பாத்து வெல சொல்லு!"

சந்தையில் நான் அப்படி எதிராளியிடம் விலையை விட்டுக்கொடுத்து யாரும் கேட்டதில்லை. செம்மலை சிவந்த கன்னத்தை ஒருமுறை தடவிக்கொண்டான். பஸ் நகரத் தொடங்கியது. அவன் திரும்பி, சாலையில் இறங்கி, கையை உயரத் தூக்கினான். நான் விடாமல் அனுப்பிய அனுப்பில் ஒருவருக்கும் விரலைத் துடைக்க நேரம் கிடைத்திருக்கவில்லை. அவனுக்குப் பின்னால் கன்றுக்காரம்மாவின் கை எழுந்தது, அப்பாவுவின் இரண்டு கையும் எழுந்தது, பாயின் கை டீக்கரண்டியோடு எழுந்தது, சந்தை முழுக்கச் சோளக்காடு மாதிரி கைகள் எழுந்து நின்றன. என் கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏனுங்க, மொத்தச் சந்தையும் ஏறப்போகுதுங்களா?" என்றார்.

"ஒருத்தர்தான்! அதும் அரை ஆளு!" என்று செம்மலை கத்தினான். எனக்கு வழிவிட்டார்கள். வழிவிட்டவர்களில் சிலர் முதுகில் தள்ளினார்கள், அதில் ஒன்றிரண்டு தள்ளல் அடியா என்று சந்தேகப்படும்படி இருந்தது, கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

தெய்வாத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் பையை எடுத்து எங்களுக்கு நடுவில் வைத்தாள். பஸ் புறப்பட்டது, மாட்டு வாசம் குறைந்தது, நாரத்தங்காயும் ஏலக்காயும் பின்னால் போயின. அவ்வளவு நாள் என்னைச் சுற்றி நின்ற தோள்கள் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் கண்டக்டர் வந்தார்.

"காலு ரெண்டையும் வழியில நீட்டாதீங்க பெருசு. எந்த ஊரு? சட்டுனு சொல்லுங்க, தூங்கிராதீங்க."

பெருசு! என் தலையில் ஓர் அறை கிளம்பியது. எத்தனை பட்டும் புத்தி வராத தலை. கழுத்தைத் தாண்டி வந்தது, தோளில் இறங்கியது, பக்கத்தில் பார்த்தது. அங்கே பாய் இல்லை, அப்பாவு இல்லை, அவள் ஒருத்திதான் இருந்தாள். தெய்வாத்தாளின் தோள் வெடுக்கென்று துள்ளியது. அவள் வலது கையை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், புதுமாட்டின் சுழியைப் பார்க்கிறவள் மாதிரி.

"இதுதானுங்களா?" என்றாள்.

"எது?"

"எனக்கு வயித்தப் பெசையுது. காது அடைக்குது. ஏனுங்க, இது கோவமில்லீங்க. பசி. காத்தால என்ன தின்னீங்க?"

யோசித்துப் பார்த்தேன். கன்னத்தை அறைகிற அவசரத்தில் ஒன்றும் தின்றிருக்கவில்லை.

"ஒண்ணுந் திங்கல."

"பந்தியில பாயசத்துக்கு ஓங்குனீங்களே, அன்னிக்கு?"

"அன்னிக்கும் பந்திக்கு உக்காரயில நேரம் ரொம்ப ஆயிப்போச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து, "அம்மா, இவரு உங்ககூட வந்தவருங்களா? எத்தன டிக்கெட்டு, ஒண்ணா, ரெண்டா?" என்றார்.

அவள் நடுவில் இருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். என் தோளில் கிடந்த துண்டின் நுனியை இழுத்து என் செத்த கையின் மேல் போட்டாள், அதற்கு அடியில் அவள் விரல்கள் வந்து என் விரல்களைத் தேடின, ஒவ்வொன்றாக ஆராய்ந்தன, நிதானமாக, அவசரமில்லாமல் மாடு வாங்க வந்த ஆள் மாதிரி; அப்புறம் அமுக்கின. நான் அனுப்பியது ஓர் அறை. துண்டை விலக்கிக்கொண்டு மேலே எழுந்த என் கை, கண்டக்டரிடம் இரண்டு விரலைக் காட்டியது.